உள்ளே இருப்பவரின் சம்மதம்

ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் செங்கழனி என்றொரு நாடு இருந்தது. அங்கே சோதனை அதிகாரிகள் எந்த வீட்டுக்குள்ளும், எந்தக் கடைக்குள்ளும் கேட்காமல் நுழையலாம். உப்புப் பானையைக் கிளறுவார்கள். எரிகிற அடுப்பை அணைத்துச் சாம்பலைச் சலிப்பார்கள்.

ஆப்பக்கடை அல்லியம்மை இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மகள் மங்கைக்குப் பிரசவ வலி கண்ட அன்று, பதுக்கிய மிளகைத் தேடி அதிகாரிகள் அந்த அறைக்குள்ளேயே வந்து நின்றார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே அரசவைக்குப் போனாள்.

"புள்ள பெத்துக்கிட்டிருக்கிற எடத்துக்குள்ள ஆம்பளைங்க நுழையுறாங்க மகாராசா. அப்புறம் கதவுன்னு ஒண்ணு எதுக்கு?"

அரசர் இளவழுதி இளகிய மனத்தவர். கண் கலங்கினார். சோதனைத் தலைவர் விசயநம்பியை அழைத்து, "இதற்கு ஒரு சட்டம் எழுதும்" என்றார்.

"உள்ளே இருப்பவரின் சம்மதமின்றி, வெளியே இருப்பவர் எவரும் நுழையக் கூடாது. சரிதானா, அரசே?"

"மிகச் சரி. எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது."

பௌர்ணமியன்று உச்சிவேளையில் சட்டம் நடைமுறைக்கு வரும், குடிமக்கள் அனைவரும் ஆற்றுத் திடலில் கூடி அதை வரவேற்க வேண்டும் என்று முரசு அறைந்தார்கள். மங்கையும் கைக்குழந்தையோடு வந்தாள். அரசர் சட்டத்தை வாசித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அல்லியம்மை அழுதேவிட்டாள். அதிகாரிகள் ஒருவரையும் காணோம். வெட்கத்தில் வரவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பியபோது கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அல்லியம்மை தட்டினாள்.

"யாரது?" என்றது ஓர் அதிகாரியின் குரல்.

"வீட்டுக்காரி! கதவத் தொறங்கய்யா. பச்சப்புள்ள வெயில்ல வாடுது."

"நான் உச்சிக்கு முன்பே வந்துவிட்டேன் அம்மா. இப்போது உள்ளே இருப்பவன் நான். சம்மதம் இல்லை."

தெரு முழுக்க அதே பதில்தான். மக்கள் திடலுக்கே திரும்பி ஓடினார்கள். அரசர் மாலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். முறையீட்டைப் பொறுமையாகக் கேட்டார்.

"நான் போட்ட சட்டத்தை நானே மீறலாமா? அரண்மனைக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன்."

கூட்டமும் அவர் பின்னால் போனது. அரண்மனைப் பெருங்கதவு மூடியிருந்தது. அரசர் தட்டினார்.

"யாரது?" விசயநம்பியின் குரல்.

"நான்தான். அரசன்."

உள்ளே ஓலை புரளும் சத்தம் கேட்டது.

"வணக்கம், அரசே. உங்கள் கோரிக்கை கிடைத்தது. உள்ளே கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்."

களைத்துப்போய் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அல்லியம்மை, கொஞ்சம் நகர்ந்து அரசருக்கும் இடம் விட்டாள்.