காணாமல்போன பன்னிரண்டு இலைகள்

"காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி என்னத்த டீச்சர் படிச்சுக் குடுக்குறீங்க?"

வட்டாரக் கல்வி அலுவலர் போன மாதம் ஷர்லி டீச்சரிடம் கேட்ட கேள்வி இது. விராலிமலைப் பக்கத்து அந்தத் தொடக்கப்பள்ளிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து, வாரம் இரண்டு நாள் மூன்றாம் வகுப்பை ஐயனார் கோயில்காட்டுக்கு அழைத்துப் போவது அவள் வழக்கம்.

"வர்ற மாசம் மொத வெள்ளிக்கெழம வாரேன். பிள்ளைக படிச்சதுக்கு அத்தாட்சி காட்டுங்க. இல்லேன்னா நாலு செவுத்துக்குள்ளயே நடத்துங்க."

அத்தாட்சிதானே? அவர் வருவதாகச் சொன்ன வாரத் திங்கட்கிழமை காட்டில் பன்னிரண்டு மரத்து இலைகளைப் பறித்தாள். பிள்ளைகள் ஒருவரும் கை வைக்கவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். இலைகளைச் சார்ட்டில் ஒட்டி, பெயர் எழுதி, சுவரில் மாட்டினாள்.

செவ்வாய் காலையில் நாலு இலையைக் காணோம்.

"பொற்கொடியக்கா, ஒங்க ஆடு உள்ள வந்துச்சா?"

சத்துணவு சமைக்கும் பொற்கொடிக்குச் சுருக்கென்றது. "எங்க ஆடு முருங்கக் கொழையவே மோந்து பாத்துத்தான் திங்கும். பசை தடவுன எலையையா திங்கப்போவுது? எங்கிட்டுப் பறிச்ச எலையோ, அங்கிட்டே போயிருக்கும்!"

நாலு இலை புதிதாகப் பறித்து, எல்லாவற்றுக்கும் மேலே டேப் ஒட்டினாள். புதன்கிழமை டேப்போடு சேர்த்து ஏழு இலை போயிருந்தது. சார்ட்டு எலி கடித்த அப்பளம்போல் தொங்கியது.

புதுச் சார்ட்டு, மறுபடி பன்னிரண்டு இலை. இந்தத் தடவை பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை வகுப்பிலேயே வாய் திறக்காத சுடர்விழியிடம் கொடுத்தாள்.

"நீதாண்டி இதுக்குக் காவல்."

சுடர்விழி சாவியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை அலுவலர் வந்தார். "ஒங்க காட்டையும் ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வந்தேன். எங்க அத்தாட்சி?"

பீரோ திறந்தது. சார்ட்டில் பன்னிரண்டு பெயர்கள், பன்னிரண்டு பசைக்கறைகள்.

"சுடர்! சாவிய யாருகிட்டடி குடுத்த?"

"யாருக்கும் குடுக்கல டீச்சர். நானேதான் எடுத்தேன். அதுக்கு முன்னாடி எடுத்தது நம்ம கிளாஸு நிலவழகனும் மத்தவங்களும்."

"ஏண்டி?"

"கோயில்காட்டுலேர்ந்து ஒரு சருகக்கூட வெளிய எடுத்துட்டு வரக்கூடாது டீச்சர். நீங்க வெளியூரு, ஒங்களுக்குத் தெரியாது. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு, நாங்களே அந்தந்த எலைய அந்தந்த மரத்தடியில போட்டுட்டு வந்துட்டோம்."

"அந்தந்த மரத்தடியிலயா?" அலுவலர் குனிந்தார். "பன்னெண்டுமா? எந்த எலை எந்த மரமுன்னு எப்புடிக் கண்டுபிடிச்சீங்க?"

"அங்கதான சார் எங்க கிளாஸு!"

ஷர்லி சார்ட்டைத் திரும்பப் பார்த்தாள். பன்னிரண்டு கறையும் பன்னிரண்டு சரியான விடைபோல் இருந்தன. கோபம் போன இடம் தெரியவில்லை. முதுகை நிமிர்த்தி நின்றாள்.

அலுவலர் விடவில்லை. "வாயால யாரு வேணும்னாலும் சொல்லலாம் பாப்பா. நான் எப்புடி நம்புறது?"

சுடர்விழி அவருடைய சட்டைப் பையைக் காட்டினாள். அதன் விளிம்பில் பச்சையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது.

"சார், அது வீரை எலை. கோயில் கெணத்துக்கு மேற்கால நிக்கிற மரம்."

அலுவலர் பையைக் கையால் பொத்திக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டினார். காட்டைப் பார்த்து நடந்தார்.