குட்டி ரயிலுக்கான ஐந்தாவது திருத்திய திட்டம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர்களுக்கு விவரம் போதாது. இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு தீம் பார்க் போகத் திட்டம் போட்டுப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. மனித குலம் இதுவரை மேற்கொண்ட முயற்சிகளில் ஆகப் பெரியது அதுதான் என்பதும், அதை எள்ளளவும் பிசகாமல் செய்துமுடித்தவர் ஒரே ஒருவர்தான் என்பதும் இந்த ஆவணத்தின் மூலம் உலகுக்கு அறிவிக்கப்படுகின்றன. அவர் நகரசபைத் திட்டமிடல் பிரிவின் கண்காணிப்பாளர். அவர் வீட்டுச் சங்கதியெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போது கேட்காதீர்கள். அலுவலக வழக்கப்படி அது கடைசியில் தெரிவிக்கப்படும்.

அவருடைய தகுதிக்கு ஒரு சான்று போதும். ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் குழந்தைகள் சாலையைக் கடக்க நடைமேம்பாலம் வேண்டுமென்று மனு வந்தது. அவசரக்குடுக்கைகள் கையில் அது கிடைத்திருந்தால் ஆறே மாதத்தில் கட்டித் தொலைத்திருப்பார்கள். நம் கண்காணிப்பாளர் ஒன்பது வருடம் ஆற அமர யோசித்தார். படிக்கட்டு எத்தனை, கைப்பிடி யார் உயரத்துக்கு, மழையில் வழுக்கினால் பொறுப்பு எந்தப் பிரிவுக்கு என்று ஒன்றுவிடாமல் ஆராய்ந்தார். பாலம் எழுந்து நின்ற வருடம் பள்ளிக்கூடம் வேறு தெருவுக்குப் போய்விட்டது. அது பள்ளிக்கூடத்தின் தவறு. பாலத்தில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது, ஏனென்றால் அதன்மேல் யாரும் நடப்பதில்லை. அந்தப் பாலத்தின் படம் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. கீழே, ‘பதறாத காரியம் சிதறாது’ என்று அவரே அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

இப்பேர்ப்பட்டவரின் மகள் ஒருநாள் காலை, பல் தேய்த்த நுரையோடு, ஒரு விளம்பரக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்கு அப்போது நான்கு வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். காகிதத்தில் ஒரு குட்டி ரயில். மஞ்சள் எஞ்சின். எஞ்சினுக்குள் ஒரு குழந்தை உட்கார்ந்து, மேலே தொங்கும் கயிற்றைப் பிடித்து மணி அடித்துக்கொண்டிருந்தது.

“அப்பா, நான் இந்த மணி அடிக்கணும். ஞாயித்துக்கிழமை போலாமா?”

“போலாம்மா. ஆனா முறைப்படி போகணும்.”

“முறைப்படின்னா பஸ்ஸா?”

“முறைப்படின்னா மீட்டிங்.”

அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் முதல் கூட்டம் கூடியது. வந்திருந்தவர்கள்: தலைவராகக் கண்காணிப்பாளர், உறுப்பினராக அவர் மனைவி, மனுதாரராக வாயாடி, பார்வையாளராக, பதினோரு மாதமே ஆன தம்பி. இந்தத் தம்பியை எல்லோரும் உருண்டை என்று கூப்பிடுவார்கள். பார்வையாளர் கூட்டத்தின் நடுவில் நிகழ்ச்சிநிரலின் ஒரு மூலையைச் சாப்பிட்டுவிட்டார். அதுவும் குறிப்பேட்டில் ஏறியது.

விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. குட்டி ரயிலில் ஏறும் குழந்தை இரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், உயரம் நூற்றுப்பத்து சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் படிக்காமல் விட்டிருப்பார்கள். நம்மவர் மகளைக் கதவு நிலையோடு சாய்த்து நிறுத்தி, தலைமேல் அடிக்குச்சியை வைத்து, பென்சிலால் கோடு போட்டு அளந்தார். தொண்ணூற்றெட்டு. ‘தகுதி உண்டு’ என்று எழுதி, அதை இணைப்பு ‘அ’ என்று கோப்பில் சேர்த்தார். வாயாடி அன்றைக்குத் தூங்கப்போகும்வரை, “எனக்குத் தகுதி உண்டு” என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது அல்லவா. மழைக்கு ஒரு துணைக்குழு அமைந்தது. கழிப்பறைக்கு ஒரு துணைக்குழு. தொலைந்துபோகும் தொப்பிகளுக்கு ஒன்று. எல்லாத் துணைக்குழுவிலும் உறுப்பினர் அவர் மனைவி மட்டும்தான். ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்வது அவள் வேலை. நாள் முழுக்க, “இந்த எழுத்து தெரியுதா? இது தெரியுதா?” என்று அடுத்தவர்களைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அவளுக்கு முன்னால் மூன்று அறிக்கைகள் காத்திருக்கும்.

“என்னங்க, பார்க்குதானே? காலைல கிளம்பி சாயங்காலம் வந்துடலாம்.”

“அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறாங்க” என்பார் கண்காணிப்பாளர், உலகத்தின் மேல் இரக்கத்தோடு.

உலகத்தில் இரக்கத்துக்குரியவன் ஒருவன் இருந்தான். மனைவியின் தம்பி. பால் வண்டி ஓட்டுகிறவன். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மகனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பார்க்குக்குப் போய்விட்டு, வெயிலில் சிவந்த மூக்கோடு அக்கா வீட்டுக்கு வந்து நின்றான்.

“என்ன திட்டம் வச்சிருந்த?” என்றார் கண்காணிப்பாளர்.

“திட்டமா? காலைல எழுந்தோம். போனோம். வந்தோம் மாமா.”

“வரிசையில எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“தெரியல மாமா. பேசிக்கிட்டே நின்னோம்.”

“மழை வந்திருந்தா?”

“நனைஞ்சிருப்போம்.”

கண்காணிப்பாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இப்படியும் ஒரு மனுஷன் இருக்கிறானே, இவனை நம்பி ஒரு வண்டிப் பாலையும் கொடுத்திருக்கிறார்களே என்று மனம் நொந்தார். அதற்குள் வாயாடி மாமாவின் மடியில் ஏறி, குட்டி ரயிலில் மணி எப்படிக் கேட்டது, டிங் என்றா டாங் என்றா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தாள். அவன் மகனுக்குக் கயிறு எட்டியதாம், மூன்று சுற்று சுற்றினானாம். அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் வருடம் தயாரிப்பில் போனது. இரண்டாம் வருடம் ஒத்திகையில் போனது. சனிக்கிழமைதோறும் கூடத்திலிருந்து சமையலறை வரை கயிறு கட்டி, குடும்பம் மொத்தமும் நாற்பது நிமிடம் வரிசையில் நின்றது. கண்காணிப்பாளர் கையில் கடிகாரத்தோடு, “நகருங்க, நகருங்க, ரெண்டடி போதும்” என்று நடத்துவார். ஒருமுறை தபால்காரர் கையெழுத்து வாங்க உள்ளே வந்தார். என்ன ஏதென்று கேட்காமல் வரிசையின் கடைசியில் போய் நின்றார். பத்து நிமிடம் கழித்துத்தான், “இது எதுக்கு சார் நிக்கிறோம்?” என்றார். பொறுமைக்காக அவர் பெயரும் குறிப்பேட்டில் இடம்பெற்றது.

வாயாடி தனியாக வேறொரு ஒத்திகை நடத்தினாள். ஜன்னல் திரைச்சீலையின் கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து மணி அடிக்கப் பழகினாள். திரைச்சீலை இரண்டு முறை கம்பியோடு விழுந்தது. முதல்முறை விழுந்தபோது அவள் நாற்காலிமேல் ஏறி நின்று இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை தரையில் நின்றே இழுத்தாள். கம்பி விழுந்த தேதி, நேரம், சேதம் எல்லாவற்றையும் கண்காணிப்பாளர் எழுதிவைத்தார். நாற்காலி எங்கே போயிற்று என்பது மட்டும் படிவத்தில் கேட்கப்பட்டிருக்கவில்லை.

திட்டம் திருத்தப்பட்டது. திருத்திய திட்டம் மறுபடியும் திருத்தப்பட்டது. நல்ல அலுவலகங்களில் திருத்தம் என்பது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலட்டையும் தேதியும் மாறும். இணைப்புகளை அப்படியே எடுத்துக் கோத்துவிடுவார்கள். இணைப்பு ‘அ’ இப்படியே இரண்டாம் திட்டத்துக்கு வந்தது. அங்கிருந்து மூன்றாவதற்கு, நான்காவதற்கு, ஐந்தாவதற்கு. முனை மடங்காமல் இருக்க அதற்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்.

“என்னங்க, இவ சட்டைக் கையெல்லாம் முழங்கைக்கு ஏறிப்போச்சு, பார்த்தீங்களா?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

“உடைகள் எல்லாம் நாலாவது அத்தியாயத்துல வருது.”

“ரெண்டு ஜோடி செருப்பு மாத்தியாச்சு.”

“காலணி அஞ்சாவது அத்தியாயம்.”

மனைவி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எந்த எண் கண்ணாடி போட்டும் எழுத்து தெரியாத ஆசாமியைக் கடையில் பார்ப்பதும் இப்படித்தான். பிறகு எழுந்துபோய்த் துணி மடித்தாள்.

கடைசியில் அந்த நன்னாள் வந்தது. ஐந்தாவது திருத்திய திட்டத்தில் சொன்னபடி எட்டு ஐம்பதுக்கு வாசலை அடைய வேண்டும். எட்டு நாற்பத்தேழுக்கே அடைந்தார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மழைத் துணைக்குழு பாராட்டப்பட்டது. உருண்டைக்குக் கழிப்பறை அவசரம் வந்தது. வந்த இடத்திலிருந்து முப்பது தப்படியில் கழிப்பறை இருந்தது. தொப்பிகள் நான்கும் தலைகளில் இருந்தன. குட்டி ரயிலுக்கான வரிசை நாற்பது நிமிடம் என்று கணித்திருந்தார். முப்பத்தெட்டு நிமிடத்தில் முன்னால் வந்துவிட்டார்கள். கண்காணிப்பாளரின் நெஞ்சு சட்டைப் பொத்தான் தெறிக்கும் அளவுக்கு விம்மியது.

மஞ்சள் எஞ்சின் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது. கயிறும் இருந்தது. வாயாடி அப்பாவின் விரலைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, கயிறு பிடிக்கத் தோதாகப் பாவாடையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். பக்கத்தில் மரத்தால் செய்த ஒரு வாத்து. அதன் அலகு சரியாக நூற்றுப்பத்து சென்டிமீட்டரில் நீட்டிக்கொண்டிருந்தது. அலகுக்கு அடியில் புகுந்துபோகிறவர்களுக்குத்தான் ரயில்.

வாயாடியின் முன்னந்தலை அலகில் போய் இடித்தது.

“கொஞ்சம் பின்னால வாம்மா. மறுபடி போ” என்றாள் அந்தப் பெண்.

மறுபடியும் இடித்தது. வாயாடி ஒரு நொடி யோசித்தாள். பிறகு பாவாடைக்குள் முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு, முகத்தை ஒன்றுமே நடக்காத மாதிரி வைத்துக்கொண்டு நடந்தாள்.

“முட்டிய நேரா வைம்மா” என்றாள் அந்தப் பெண், மெதுவாக. அவளுக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

முட்டி நேரானது. அலகுக்கு மேலே ஒரு விரல்கடை தலை தெரிந்தது.

கண்காணிப்பாளர் கலங்கவில்லை. பையிலிருந்து கோப்பை எடுத்து, பிளாஸ்டிக் உறையோடு இணைப்பு ‘அ’வை நீட்டினார்.

“இவளோட உயரம் தொண்ணூத்தெட்டு. முறைப்படி அளந்தது. பாருங்க, தகுதி உண்டுன்னு போட்டிருக்கு.”

“தேதி ரெண்டு வருஷம் முன்னாடி இருக்கே சார்.”

“ஆவணம் செல்லாதுன்னு சொல்றீங்களா?”

“ஆவணம் செல்லும் சார். அதை வேணா ரயில்ல ஏத்திக்கிறேன். பாப்பாவை ஏத்த முடியாது.”

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரிய ரயில் ஒன்று அந்தப் பக்கம் இருப்பதாகவும், அதற்கு நூற்றிருபது வேண்டும் என்றும், அதில் மணி கிடையாது என்றும் அந்தப் பெண் தெரிவித்தாள். வாயாடி எஞ்சினைப் பார்த்தாள். வாத்தைப் பார்த்தாள். அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது; விழவில்லை.

“நான் வளர்ந்தது தப்பாப்பா?”

மழை வந்தால், தொப்பி பறந்தால், பிஸ்கட் தீர்ந்தால் என்று நூற்று நாற்பது ‘எதிர்பாராச் சூழல்’களுக்கு அந்தக் கோப்பில் விடை இருந்தது. கண்காணிப்பாளர் பக்கங்களைப் புரட்டினார். இந்தக் கேள்விக்கு விடை இல்லை. புரட்டிய கையை நிறுத்தவும் அவருக்குத் தெரியவில்லை.

அப்போது உருண்டை அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, நேராக வாத்தின் அலகுக்கு அடியில் நடந்து, அந்தப் பக்கம் போய் நின்று, “மணி” என்றான். அவனுக்கு மூன்று வயது முடிய ஒரு மாதம்தான் பாக்கி. அலகுக்கும் அவன் தலைக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது.

“இவனை ஏத்தட்டுமா சார்? எஞ்சின் காலியாத்தான் இருக்கு” என்றாள் அந்தப் பெண்.

கண்காணிப்பாளர் கோப்பைப் பார்த்தார். ஐந்து திட்டங்களிலும் உருண்டையின் பெயருக்கு நேராகப் ‘பார்வையாளர்’ என்றுதான் இருந்தது.

“இவன் இந்த லிஸ்ட்ல இல்லையே. திடீர்னு கேட்டா எப்படி? இதை நல்லா யோசிச்சு…” என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மனைவி வாயைத் திறந்தாள். அதற்குள் வாயாடி அப்பாவின் பேனா பிடித்த கையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா, யோசிக்காதீங்கப்பா. நீங்க யோசிக்கிறதுக்குள்ள தம்பியும் வளர்ந்துடுவான்.”

ரயில் கிளம்பியது. உருண்டை கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். மணி டிங் என்றும் இல்லாமல் டாங் என்றும் இல்லாமல் ஏதோ தகரத்தைத் தட்டியதுபோல் கேட்டது. மூன்று சுற்றும் வேலிக்கு வெளியே வாயாடி கூடவே ஓடி, “இழுடா, நல்லா இழுடா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இந்த ஆவணத்தில் இரண்டு திருத்தங்கள். இணைப்பு ‘அ’வில் தொண்ணூற்றெட்டு என்று இருப்பதை நூற்றுப்பன்னிரண்டு என்று படிக்கவும். ‘கண்காணிப்பாளர்’ என்று வரும் இடங்களிலெல்லாம் ‘நான்’ என்று படிக்கவும்.