காலி அண்ணன் வந்துவிட்டுப் போன வீடு

போடிநாயக்கனூரில் திருடன் நுழைந்து அழுதுகொண்டே திரும்பிய வீடு ஒன்று உண்டென்றால், அது எங்கள் தெருக் காலி அண்ணன் வீடுதான். உள்ளே ஒரு பாய், ஒரு சட்டி, இரண்டு வேட்டி; மற்றபடி வீடே காலி, பேரும் அதனால் வந்ததுதான். திருடன் பரிதாபப்பட்டுத் தன் பீடிக்கட்டை வைத்துவிட்டுப் போனதாகவும், அண்ணன் விடிந்ததும் அதையும் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டதாகவும் சொல்வார்கள்.

ஏலக்காய் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் மூட்டை தூக்குவது அவர் வேலை. பகலெல்லாம் மூட்டைக்கு நடுவில் கிடந்ததாலோ என்னவோ, வீட்டில் ஒரு சாமான் கண்ணில் பட்டாலும் அவருக்கு ஆகாது. பெண் பார்க்கப் போன இடத்தில், "கட்டில், பீரோ எல்லாம் போடுறோம்" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"பொண்ண மட்டும் அனுப்புங்க மாமா. பீரோவுக்கு வேற மாப்ளே பாருங்க."

இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.

என் வீடு இதற்கு நேர்மாறு. மலையில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. விலை ஏறட்டும் என்று காயை வீட்டிலேயே அடுக்கி வைப்பேன். வெளிச்சம் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும் என்பதால் ஜன்னலை மூடி, அதை மறைத்து மூட்டைகளை அடுக்கியிருந்தேன். இது போதாதென்று பழைய மிக்ஸி, ஓடாத ஃபேன், உடைந்த தொட்டில். அவற்றுக்கும் ஒருநாள் விலை ஏறும் என்று நம்பினேன் போலிருக்கிறது.

என் மனைவி செல்வி ஒருநாள் பொங்கிவிட்டாள். "இது வீடா, கிட்டங்கியா? மூச்சு முட்டுது. இத வித்துட்டுச் சிலமலைப் பக்கம் பெருசா ஒண்ணு பாருங்க. இல்லாட்டி எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

அப்பா கட்டிய வீடு. அதை விட எனக்கு மனசே இல்லை. செல்வியை விடவும் மனசில்லை. வேறு வழியில்லாமல், வீடு பார்க்க ஒருவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அதற்குள் வீட்டை ஒழுங்கு பண்ணக் காலி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

"தொட்டிலு எதுக்கு மாப்ளே?"

"பேரப்பிள்ளைக்கு ஆகும்ணே."

"ஒம்மவன் இன்னும் பத்தாவதே பாஸாகல. தூக்குய்யா!"

பழைய இரும்புக் கடைக்கு ஒரு ஜீப்பு லோடு போயிற்று. மூட்டைகளைக் கிட்டங்கிக்கு அனுப்பினார். கடைசி மூட்டை நகர்ந்ததும் ஜன்னலை ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். காற்று குபுகுபுவென்று வந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த செல்வி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆத்தாடி, மலை இம்புட்டுப் பக்கத்துலயா இருக்கு!"

நடு ஹாலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

வீடு பார்க்க வந்தவர் அசந்துபோனார். "அருமையா, காத்தோட்டமா இருக்கே! இப்பவே பேசி முடிச்சுருவோம். ஆமா, இவரு யாரு?"

தரையில் கைகாலை விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் காலி அண்ணன்.

"அது எங்கண்ணே" என்றாள் செல்வி. "வீடு விக்கிறதா இல்லைங்க. டீ குடிச்சுட்டுப் போங்க."

வந்தவர் டீ குடிக்காமலே போனார். அவர் பங்கையும் சேர்த்து நானே குடித்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் அண்ணன் வந்து நடு ஹாலில் சும்மா உட்கார்ந்திருப்பார். "வேற சோலி இல்லையாண்ணே?" என்பேன். "இருக்கு, கெடக்கட்டும்" என்பார். போன ஞாயிறு லோடு ஏற்ற மலைக்குப் போய்விட்டதால் வரவில்லை. செல்வி இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.