பீரோவுக்குள் ஐந்து நிமிடம்

தலைமை எழுத்தர் லிப்ட் மெக்கானிக்கைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஏழாம் மாடிக்கும் மேலே, மோட்டார் அறை வாசலில், முழங்கைவரை கிரீஸோடு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். பதிவேட்டில் அவரிடம் கையெழுத்து வாங்கத் தலைமை எழுத்தர் மூச்சு வாங்க ஏறிப் போயிருந்தார்.

"சார், முன்ன மாதிரி முடியல. ஒரே ஒரு ஆளைக் குடுங்க. ஆறு மாசத்துல எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடறேன்."

"வாயால கேட்டா எப்படி? மனுவா எழுதிக் குடுங்க."

மெக்கானிக் எழுதித்தான் கொடுத்தார். மனுவில் கிரீஸ் கறை இருப்பதால் ஏற்பதற்கில்லை என்று குறிப்பெழுதி, தலைமை எழுத்தர் அதைத் திருப்பி அனுப்பினார். கறையில்லாத மனு வருவதற்குள் மெக்கானிக் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அலுவலகம் இரண்டு நிமிடம் எழுந்து நின்றது. இரங்கல் தீர்மானத்தில் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுதப்போன தலைமை எழுத்தரின் பேனா பாதியில் நின்றது. அப்படி எழுதினால் துறைக்கே இழுக்கு. ஏனென்றால் அது தொழில்திறன் தேர்வுத் துறை. ஆண்டுக்குப் பதினோராயிரம் லிப்ட் மெக்கானிக்குகளைத் தேர்ச்சி பெறச் செய்து நாட்டுக்கு வழங்கிக்கொண்டிருந்தது. 'எளிதில் ஈடு செய்யத்தக்க இழப்பு' என்று திருத்தி எழுதினார்.

ஒரு காலத்தில் அந்தத் தேர்வில் நூற்றுக்கு முப்பது பேர்தான் தேறினார்கள். இது தேர்வர்களின் மனத்தைப் புண்படுத்துவதாகக் கண்டறியப்பட்டது. நிறையப் பேர் தவறாக விடையளிக்கும் கேள்வி தவறான கேள்வியாகத்தான் இருக்க முடியும் என்ற அறிவியல் அடிப்படையில், ஆண்டுதோறும் அத்தகைய கேள்விகள் நீக்கப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு கேள்வி மிஞ்சியது: லிப்ட் மேலே போகுமா, கீழே போகுமா? எதை எழுதினாலும் சரி. இரண்டையும் எழுதியவருக்கு முதல் வகுப்பு.

செய்முறைத் தேர்வு மட்டும் கடுமையாகவே இருந்தது. எல்லா மையத்திலும் லிப்ட் வைக்க வசதியில்லை. ஆனால் இரும்பு பீரோ இருந்தது. இரண்டுக்கும் கதவு உண்டு, இரண்டுக்குள்ளும் ஆள் நிற்கலாம் என்று சுட்டிக்காட்டி ஒப்புதல் வாங்கியவர் தலைமை எழுத்தர்தான். மூடிய பீரோவுக்குள் ஐந்து நிமிடம் பதறாமல் நின்றால் தேர்ச்சி. அவருக்கு மாப்பிள்ளையாக வரவிருந்தவர் இரண்டாவது நிமிடத்திலேயே கதவைத் தட்டினார். கல்யாணப் பேச்சு முடிந்திருந்த நேரம். மீதி மூன்று நிமிடத்தைக் கருணை நிமிடங்களாக வழங்கி, மாமனார் கதவைத் திறந்துவிட்டார். மாப்பிள்ளை இப்போது லிப்ட் கல்லூரியில் விரிவுரையாளர்.

மெக்கானிக் போய் நாற்பது நாள் இருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தலைமை எழுத்தர் தன்னந்தனியாக ஏறிப்போன லிப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டி, ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. சத்தம் கேட்டு யாரோ நான்காம் மாடிக் கம்பிக் கதவை இழுத்துத் திறந்தார்கள். நான்காம் மாடித் தரை அவருடைய நெஞ்சுக்கு நேராக இருந்தது. அதற்கு மேல் ஒன்றரை முழம் இடைவெளி. அந்த வழியாகப் பார்த்தால் செருப்புகள்தான் தெரிந்தன. பளபளவென்று ஒரு ஜோடி ஷூ வந்து நின்றது. இயக்குநர்.

"உள்ள யாரு?"

"நான்தான் சார், தலைமை எழுத்தர்."

"ஏன் நின்னுடுச்சு?"

"தெரியல சார்."

"தெரியலங்கிறதை எழுத்துமூலமா தெரியப்படுத்துங்க."

"சார், எனக்குச் சர்க்கரை. காலையில ரெண்டு டம்ளர் டீ வேற குடிச்சுட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்காது. அவசரமா ஒன்னுக்குப் போகணும்."

"அதையும் சேர்த்தே எழுதுங்க."

எழுதி நீட்டினார். அதற்கு ஒரு எண் போடப்பட்டது. பதினோராயிரம் பேரில் யாரைக் கூப்பிடுவது என்று முக்கால் மணி நேரம் விவாதித்து, மாப்பிள்ளைக்குத் தகவல் போனது. பன்னிரண்டேகாலுக்கு வெள்ளை ஷூ ஒன்று ஓடி வந்தது. குனிந்து எட்டிப் பார்த்தது.

"மாமா, பதறாம நில்லுங்க. அஞ்சு நிமிஷம்தான்."

"ஒன்னேகால் மணி நேரமா நிக்கிறேன் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை அசந்துபோய் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். "சார், எங்க காலேஜ்லயே அதிகபட்சம் ஏழு நிமிஷம்தான் சார்."

"மாப்பிள்ளை, மேல போய் மோட்டாரைப் பாருங்க."

"மோட்டாரா? அது பழைய பாடத்திட்டம் மாமா. ஒன்பதாம் கேள்வியோட போயிடுச்சு."

"எந்த முட்டாள் எடுத்தான் அதை?"

"கையெழுத்து உங்களுது மாமா," என்றார் மாப்பிள்ளை மரியாதையாக.

தலைமை எழுத்தர் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். பிறகு இரண்டையும் பின்னிக்கொண்டார். இயக்குநர் மனக்கணக்குப் போட்டார். எழுபத்தைந்து நிமிடம். செய்முறைத் தேர்வின் பதினைந்து மடங்கு. இப்படிப்பட்ட திறமை இத்தனை நாள் தன் அலுவலகத்திலேயே கண்டுகொள்ளப்படாமல் கிடந்ததை எண்ணி அவர் வருந்தினார்.

"எழுத்துத் தேர்வையும் முடிச்சுடலாம். சொல்லுங்க. லிப்ட் மேலே போகுமா, கீழே போகுமா?"

"ரெண்டும் போகாது சார்."

விடைக்குறிப்பில் அப்படி ஒரு விடை இல்லை. தேர்வுப் பிரிவு தாழ்வாரத்திலேயே கூடிப் பேசி, அசல் சிந்தனை என்று முடிவு செய்து, முதல் வகுப்புக்கு மேலே 'தனிச்சிறப்பு' வழங்கியது. அந்தத் துறையில் தாமதமாகாத ஒரே வேலை சான்றிதழ் அச்சடிப்பது. பத்தே நிமிடத்தில் முத்திரையோடு சான்றிதழ் இடைவெளி வழியாக உள்ளே வந்தது. கூடவே ஒரு குறிப்பின் நகலும் வந்தது: 'பழுதான இடத்தில் தகுதி பெற்ற மெக்கானிக் ஒருவர் ஏற்கெனவே இருந்து வருவதால், மேல்நடவடிக்கை தேவையில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.'

பளபள ஷூ சாப்பிடப் போனது.

தலைமை எழுத்தருக்குக் கண்ணில் நீர் கட்டியது. அங்கே கட்டியது போதாதென்று மற்ற இடமும் முட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்ன செய்தி கேட்டு, வார் தைத்த பழைய செருப்பு ஒன்று சரக் சரக்கென்று வந்து நின்றது. அவருடைய மனைவி.

"ஏங்க, உள்ள என்ன பண்றீங்க?"

"தேறிட்டேன்."

"அத வெச்சு ஒன்னுக்குப் போக முடியுமா?"

அவர் மறுபடியும் கால்களைப் பின்னிக்கொண்டார்.

"இவ்வளவு பெரிய சந்து இருக்கு. ஏறி வெளிய வர வேண்டியதுதானே? கீழ மெயினை அணைக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன், லிப்ட் நகராது."

"விதி பதினாலு. மெக்கானிக் அனுமதி இல்லாம உள்ள மாட்டுனவர் வெளிய வரக்கூடாது. நானே எழுதுன விதி."

"இப்ப இங்க மெக்கானிக் யாரு?"

தலைமை எழுத்தர் சான்றிதழைப் பார்த்தார். "நான்தான்."

"அப்ப அனுமதி குடுத்துத் தொலைங்களேன்."

அவர் யோசித்தார். எந்த விதியும் இடிக்கவில்லை. சான்றிதழின் பின்புறத்தில் 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதி, தேதியோடு ஒப்பமிட்டு, மேலே ஏறினார். மனைவி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். மாப்பிள்ளை ஒரு கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பொத்தான்கள் லிப்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. நன்றி சொல்லக்கூட நிற்காமல் தாழ்வாரக் கோடிக்கு ஓடினார். முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

முகம் கழுவி, உலகம் மிக நல்ல இடம் என்ற எண்ணத்தோடு இருக்கைக்குத் திரும்பியபோது, மேசை மேல் ஒரு குறிப்பாணை இருந்தது. 'பழுதை நீக்காமல் பணியிடத்தை விட்டு வெளியேறிய லிப்ட் மெக்கானிக், ஏழு நாட்களுக்குள் விளக்கமளிக்க வேண்டும்.' எந்தக் குறிப்பாணையும் தலைமை எழுத்தரின் சுருக்கொப்பம் இல்லாமல் வெளியே போகாது. படித்துப் பார்த்து, ஒரு காற்புள்ளி போட்டு, சுருக்கொப்பமிட்டு, தானே பெற்றுக்கொண்டார்.

விளக்கத்தை மூன்றே நாளில் கொடுத்துவிட்டார். மெக்கானிக் ஒருவரே என்பதால்தான் அவர் வெளியேறியதும் பணியிடம் காலியாயிற்று. எல்லோருமே மெக்கானிக்காக இருந்தால் இந்நிலை ஏற்பட வாய்ப்பில்லை. இயக்குநர் அதைப் பெரிதும் பாராட்டி ஏற்றுக்கொண்டார். பீரோ தாழ்வாரத்துக்கு வந்தது. முதலில் இயக்குநரே உள்ளே போனார். வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தாலும் தேறியிருந்தார். பிறகு காவலாளி முதல் கணக்கர் வரை வரிசையில் நின்றார்கள்.

லிப்ட் இப்போதும் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்தான் நிற்கிறது. அந்தக் கட்டடத்தில் சான்றிதழ் பெற்ற லிப்ட் மெக்கானிக்குகள் நாற்பத்தொரு பேர் வேலை பார்க்கிறார்கள். எல்லோரும் படியில்தான் ஏறுகிறார்கள்.