சித்தப்பாவுக்கு ஒரு வேலை, ப்ளீஸ்

கெட்ட வார்த்தை பேசி நான் இதுவரை யாரையும் கெடுத்ததில்லை. கெடுத்ததெல்லாம் நல்ல வார்த்தைகளால்தான். அதிலும் இங்கிலீஷ் நல்ல வார்த்தைகள்: ப்ளீஸ், சாரி, தேங்க்யூ.

தொண்ணூறுகளின் கடைசி. பி.காம். முடித்துவிட்டு ராயபுரத்தில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று சொற்களையும் பேச்சில் உப்பு மாதிரி தூவச் சொன்னார் மாஸ்டர். நான் மூட்டையைக் கவிழ்த்தேன். மீன் வாங்கப் போய் "ஒரு கிலோ சங்கரா, ப்ளீஸ்" என்றேன். மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா நைனா, ஒடம்பு கிடம்பு செரியில்லியா?" என்றார்.

எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் அந்தச் சொற்களுக்குப் பிழைப்பே இல்லை. டிரெய்லர் லாரிகளின் புழுதியில் தோளும் தோளும் மோதிக்கொண்டால் "கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்பார்கள், அதே தோளில் கையைப் போட்டு டீக்கடைக்கு இழுத்துப் போவார்கள். மன்னிப்பும் நன்றியும் அந்தக் கையிலேயே இருந்தன. (எனக்கு அது நாகரிகமாகப் படவில்லை. சட்டையை இறுக்கி இன் பண்ணினால் மூளைக்குக் காற்று போகாது போல.)

அந்த வருடம்தான் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் மெஷின் என் சித்தப்பாவின் வலது கையில் இரண்டு விரல்களைத் தின்றது. கான்ட்ராக்ட் கூலி. கட்டு அவிழ்த்ததும் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாட்ச்மேன் வேலையோ, ஸ்டோரைப் பெருக்கும் வேலையோ, ஏதோ ஒன்று கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கொடுக்கக்கூடியவர் ஒரே ஒரு ஆபீசர். வடக்கே இருந்து வந்தவர், தமிழ் தெரியாது. கான்ட்ராக்டரின் ஆளை நடுவில் வைத்தால் பேச்சைத் திரித்துவிடுவான் என்று சித்தி பயந்தார்.

"நம்ம பாபு இங்கிலீசு படிக்கிறான் இல்ல? நம்ம புள்ளன்னா கரீட்டா சொல்லும்."

பாபு போனான். இரவல் டை கட்டிக்கொண்டு.

ஏசி அறை. ஆபீசர் எதிர் நாற்காலிகளைக் காட்டினார். சித்தப்பா உட்காரவில்லை. விரல் போன கையை அவருடைய கண்ணாடி மேசைமேல் விரித்து வைத்தார்.

"இந்தக் கைய உன் மெஷினு துன்னுச்சு. இப்ப கேட்ட சாத்திக்கினு போடான்ற. எனக்கு வேல வோணும். வாங்காம போவ மாட்டேன். சொல்றா பாபு!"

எனக்கு வியர்த்தது. "சித்தப்பா, கைய கீழ எடு. டேபிள்மேல வைக்கக் கூடாது. மேனர்ஸ் இல்ல."

என் முகத்தைப் பார்த்தார். எடுத்து லுங்கி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

பிறகு நான் மொழிபெயர்த்தேன். தொந்தரவுக்கு சாரி. உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால், நேரம் இருந்தால், ஏதேனும் ஒரு சிறு வேலையைப் பற்றி, ப்ளீஸ், பரிசீலிக்க முடியுமா? கேட்டுக்கொண்டிருந்ததற்குத் தேங்க்யூ. மெஷினைச் சொல்லவில்லை, குற்றம் சாட்டுவது போலிருக்கும். விரலைச் சொல்லவில்லை, அருவருப்பாக இருக்கும். மரியாதை முழுக்க இருந்தது. சித்தப்பா மட்டும் இல்லை.

ஆபீசர் முகம் மலர்ந்தது. என் பெயரைக் கேட்டார், படிப்பைக் கேட்டார். இந்தப் பக்கத்தில் இவ்வளவு பணிவான பையனைத் தான் பார்த்ததில்லை என்றார். திங்கட்கிழமை வரலாம், கேட்டில் சொல்லிவைக்கிறேன், தேங்க்யூ என்றார்.

"இன்னாடா சொல்றான்?"

"வேல கெடச்சுடுச்சு சித்தப்பா! தேங்க்யூ கூட சொன்னாரு!"

"தேங்சா? நமக்கா?" சித்தப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. சித்தி நம்பினார். அன்று மாலை தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார்.

திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிய சித்தப்பா, வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"கேட்ல பேரு எய்தி வச்சிக்கீறாங்கோ."

"அப்புறம் இன்னாய்யா?" என்றார் சித்தி.

"ஒன் மச்சாண்டார் புள்ள, இந்த பாபு பேரு."

பணிவான பையன் தனக்குத்தான் வேலை கேட்கிறான், கூட வந்திருப்பவர் துணைக்கு வந்த பெரியவர் என்று நினைத்துவிட்டார் ஆபீசர். வேறு என்ன நினைப்பார்?

ஓடினேன். இந்த முறை மெஷினையும் விரலையும் சொன்னேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஓ, ஐ ஆம் ஸோ சாரி" என்றார். உண்மையாகவே வருந்தினார். அத்தோடு உட்கார்ந்தார். எங்கள் தெருவில் யாராவது வருத்தப்பட்டால் அதற்கப்புறம் ஏதாவது நடக்கும், சட்டையாவது கிழியும். இங்கே அந்தச் சொல்லோடு காரியம் முடிந்தது. கான்ட்ராக்ட் ஆட்கள் கான்ட்ராக்டரின் பொறுப்பாம். நான் மட்டும் மறுநாளே சேரலாமாம்.

சித்தப்பாதான் போகச் சொன்னார். "நீயாச்சும் போடா பேமானி. வந்தத வுட்டுட்டு ரெண்டு பேரும் குந்திக்கினு இன்னா பண்ணப் போறோம்?" போனேன். டைம் ஆபீசில் கிளார்க். கான்ட்ராக்ட் ஆட்களின் கேட் பாஸில் முத்திரை குத்தும் வேலை. ஒவ்வொருவரிடமும் மறக்காமல் தேங்க்யூ சொன்னேன். ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, போன மாதம், சித்தப்பா மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். நானும் சட்டையை மாட்டினேன். சித்தப்பா வேன் கதவை மறித்து நின்றார்.

"டேய், இவன மட்டும் ஏத்தாதீங்கடா. புள்ளைக்குப் பொண்ணு கேக்கக் கூட்டினு போனா, இவனுக்கே கட்டிக்கினு வந்துடுவான்!"

வேன் குலுங்கியது. என் மனைவியே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜன்னலோரம் சிரிக்காமல் உட்கார்ந்திருந்த சித்தி, "நேரமாவுது, வண்டிய எடுப்பா" என்றார் டிரைவரிடம்.