டீச்சரம்மா வீட்டுத் தோட்டக்காரர்

"செக்ரோல்ல பேர் பதிஞ்ச கூலியாளு குவாட்டர்ஸ்ல தங்கக்கூடாது. சட்டம்!"

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர் இப்படிச் சொன்னதும் நல்லமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"எம்மக பூரணிக்குக் குடுத்த குவாட்டர்ஸுங்க அது! கல்யாணமாகாத பொண்ணைத் தனியா விடச் சொல்றீங்களா?"

"அவ டீச்சரு, ஸ்டாப் உத்தியோகம். நீ தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுறவன். ரெண்டும் ஒண்ணாயிருமா?"

இருபது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்து மகளை எஸ்.எஸ்.சி. பாஸாக்கியவர் நல்லமுத்து. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது கூலிகள் குடியிருக்கும் லயமே கூடிக் கொண்டாடியது. அந்த வேலையே இப்போது பெற்றவரை வாசலில் நிறுத்துகிறது.

"பேர் இருந்தாத்தானே சட்டம்? எம்பேரையும் எம்பொஞ்சாதி பேரையும் வெட்டுங்க!"

கிளாக்கர் செக்ரோல் பதிவேட்டில் சந்தோஷமாக வெட்டினார். மறுநாளே லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவுக்குப் பூட்டு விழுந்தது. பேர் இல்லாதவருக்குக் காம்பரா கிடையாதாம்.

கொட்டுகிற மழையில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து மனைவி அம்மாக்கண்ணு வெடித்தாள்.

"வீராப்பு பேசி இருந்த கூரையையும் தொலைச்சாச்சு! இனி அடுப்பை உங்க தலையிலயா மூட்டுறது?"

சட்டி பானையோடு குவாட்டர்ஸுக்குப் போனால், வாட்சர் வழி மறித்தான். வெளியாட்கள் தோட்டத்துக்குள் தங்கக்கூடாதாம். பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ஒரே நாளில் வெளியாள்! நல்லமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆபீஸுக்கு ஓடினார்.

"ஒரே வழிதான் இருக்கு," என்றார் கிளாக்கர், தலை நிமிராமல். "ஸ்டாப் வீட்டுல வேலைக்காரங்க தங்கலாம். உன் பொஞ்சாதி சமையல்காரி, நீ தோட்டக்காரன்னு எழுதிக்கிறேன். பின்வாசலாலதான் போய் வரணும். எப்படி நடந்துக்கணும்னு எங்க வீட்டுத் தோட்டக்காரரைப் போய்க் கேளு."

அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறியலாம் போலிருந்தது. பெற்ற மகளுக்கே வேலைக்காரனா? இதற்காகவா அவளைப் படிக்க வைத்தது? ஆனால் பூரணி அங்கே ஒண்டியாக இருப்பாளே. கைநாட்டு வைத்தார்.

கிளாக்கர் வீட்டுப் பின்வாசலில் ஒரு கிழவர் ரோஜாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நல்லமுத்து நடந்ததையெல்லாம் அவரிடம் கொட்டித் தீர்த்தார்.

"மனுஷனாங்க அந்தக் கிளாக்கரு? பெத்தவன் வயித்தெரிச்சல் அவருக்கு எங்க தெரியப்போகுது! நீங்க எத்தனை வருஷமா இங்க வேலை பாக்குறீங்க?"

கிழவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"எம்மகன் பெரிய கிளாக்கரா வந்த நாள்லேருந்துங்க."