யாருக்கும் இல்லாத பெயர்

அரிய பெயர் தேடிகள் என்றோர் இனம் உண்டு. பெண் குழந்தை பிறந்ததும் அதன் முகத்தைப் பார்க்குமுன், நினைத்து வைத்திருக்கும் பெயரில் ஊரில் வேறு எவளாவது இருக்கிறாளா என்று பார்ப்பவர்கள். நம் மருந்துக்கடைக்காரர் அதில் முதல் தரம்.

அவரையும் குறை சொல்வதற்கில்லை. பள்ளியில் அவர் பெயரில் நான்கு பேர். வாத்தியார் எண் போட்டுவிட்டார். பத்து வருடம் இவர் ‘மூணாம் நம்பர்’. மகளுக்கும் அந்தக் கதி வரலாமா?

தேடினார். எண்பது வருடப் பழைய பள்ளி வருகைப் பதிவேடு ஒன்றில், மங்கிய மையில், ஒரே ஒருத்திக்கு இருந்த பெயரைக் கண்டெடுத்தார்.

"வாயில நுழையலையேங்க" என்றாள் மனைவி.

"எவ வாயிலயும் நுழையாது. அதான் விசேஷமே!"

பதிவு செய்தாயிற்று. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தன்னிடம் இருப்பது அரியது என்று நாலு பேருக்குத் தெரியாவிட்டால் அதில் என்ன சுகம்? இருமல் மருந்துக்கு வந்தவரிடம் அது ஓர் அரசியின் பெயர் என்றார்; கண்சொட்டு மருந்து வாங்கியவரிடம் ஒரு விண்மீனின் பெயர் என்றார்; சத்து மாத்திரைக்கு வந்த கர்ப்பிணிகளிடம், அந்தப் பெயர்க்காரிகள் யாரும் கணவன் பேச்சைக் கேட்டதில்லை என்றார். மூன்றும் அவர் சொந்தத் தயாரிப்பு. மூன்றாவதுதான் அமோகமாகப் போயிற்று.

"மறந்துடும்ண்ணே, எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். மாத்திரை உறையின் மேல், ‘காலை, இரவு’ என்பதற்குக் கீழே.

மறு வருடம், தடுப்பூசி நாள். செவிலியர் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். ஐந்து தாய்மார்கள் எழுந்தார்கள்.

"என்னம்மா, அஞ்சு பேரும் ஒரே கடையில வாங்குனீங்களா?"

"ஆமா சிஸ்டர்" என்று நான்கு விரல்கள், மனைவியோடு வந்திருந்த மருந்துக்கடைக்காரரை நோக்கி நீண்டன.

"திருட்டுக் கூட்டம்!" என்று பல்லைக் கடித்தார்.

"நீங்கதான மாத்திரையோட சேத்துக் குடுத்தீங்க?" என்றாள் மனைவி.

செவிலியருக்கு நேரமில்லை. வரிசைப்படி சீட்டில் எண் போட்டார். "நாலாம் நம்பர், வாங்க."

மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். "அப்பனை மிஞ்சிட்டடி என் தங்கம்!"

அப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊர் வாயில் புழங்குவதற்குத்தானே பெயர்? பூட்டி வைக்க அது என்ன பட்டுப்புடவையா?

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்தப் பெயர்தான் என்ன என்று இவ்வளவு நேரமும் வரிக்கு வரி துழாவிக்கொண்டு வந்தது யார்?

சொல்ல மாட்டேன். ஆறாம் நம்பருக்கு நான் பொறுப்பில்லை.